வீட்டில் யந்திரமும் சக்கரக் கோலமும்: தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிரகப்பிரவேசத்துக்கு வந்த பரிசுகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்ரீசக்கரமோ குபேர யந்திரமோ இல்லாமல் இருக்காது. சட்டம் போட்ட செப்புத் தகடு, பளபளவென்று இருக்கும். பூஜை அலமாரியில் ஏற்கெனவே இடமில்லை. இதை எங்கே மாட்டுவது, எந்தத் திசை பார்த்து வைப்பது, தினமும் ஏதாவது செய்ய வேண்டுமா, செய்யாவிட்டால் தோஷமா என்று கேள்விகள் வரிசையாக வரும். எதிர்வீட்டு மாமி ஒன்று சொல்வார், ஜோதிடர் ஒன்று சொல்வார், யூடியூப் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். கடைசியில் தகடு அட்டைப்பெட்டியோடு பீரோவுக்குள் போய்விடும்.

அந்தக் குழப்பம் தீரவே இந்த வழிகாட்டி. சாக்த மரபும், வாஸ்து நூல்களும், நம் வீட்டுப் பெண்களின் கோல வழக்கமும் சொல்வதை, ஒரு சாதாரணக் குடும்பம் கடைப்பிடிக்கக்கூடிய வரிசையில் தருகிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் எவ்வளவு நேரம் தர முடியும் என்று பார்த்துத்தான் வீட்டுக்கு யந்திரம் வர வேண்டும். பலன் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் மூன்றாம் மாதமே பூப்போடுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

## வடிவங்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த யந்திரத்தை எடுத்தாலும் சில வடிவங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நடுவில் உள்ள புள்ளி பிந்து. எல்லாம் அதிலிருந்து விரிகிறது, அதிலேயே ஒடுங்குகிறது. மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. இரண்டும் ஒன்றோடொன்று பின்னினால் ஷட்கோணம், அதாவது ஆறு முனை நட்சத்திரம். அதைச் சுற்றி வட்டம், வட்டத்தைச் சுற்றித் தாமரை இதழ்கள், எல்லாவற்றுக்கும் வெளியே நான்கு வாசல் வைத்த சதுரம். இந்தச் சதுரத்துக்குப் பூபுரம் என்று பெயர். கோயில் மதில் போல அது. நாம் நிற்பது அதற்கு வெளியே.

கோயில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கருவறையில் மூலவரைப் பிரதிஷ்டை செய்யும்போது முதலில் ஆதார பீடத்தில் யந்திரத் தகட்டை வைத்து, அதன்மேல் திருமேனியை நிறுத்தி, அஷ்டபந்தன மருந்து சாத்துவார்கள். நாம் கும்பிடும் திருவுருவத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோட்டுருவம் இருக்கிறது. திருமூலரின் திருமந்திரத்தில் நான்காம் தந்திரம் பெரும்பகுதி சக்கரங்களைப் பற்றியதுதான். திருவம்பலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று தனித்தனித் தலைப்பே உண்டு. யந்திர வழிபாடு வடமொழியாளரின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் அந்தத் தந்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

## முதல் படி: வாங்குவதற்கு முன் தரையில் போட்டுப் பழகுங்கள்

கடைக்குப் போகாதீர்கள். ஒரு கிண்ணம் அரிசி மாவு போதும்.

புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஹிருதய கமலம் கோலம். பெரும்பாலான வீடுகளில் வெள்ளிக்கிழமையன்று பூஜை மனையில் பாட்டிமார் போட்டுவந்த கோலம் இது. எளிமையாகத் தெரியும், ஆனால் கவனம் ஒரு நொடி தவறினாலும் கோடு வழிமாறிவிடும். மனதை ஒருமுகப்படுத்த வேறு பயிற்சியே வேண்டாம்.

போடும் முறை இதுதான். நடுவில் சிறிது இடம் விட்டு, எட்டுத் திசையிலும் திசைக்கு 5 புள்ளி வையுங்கள். மொத்தம் 40 புள்ளி. ஒவ்வொரு திசையிலும் உள்ளிருந்து வெளியே 1, 2, 3, 4, 5 என்று மனதுக்குள் எண் கொடுங்கள். இப்போது ஏதாவது ஒரு திசையின் 1ஆம் புள்ளியில் தொடங்கி வலஞ்சுழியாகப் போங்கள். அடுத்த திசையில் 3, அதற்கடுத்ததில் 5, பிறகு 2, பிறகு 4, மறுபடி 1. இந்த 1, 3, 5, 2, 4 என்ற வரிசையை விடாமல் சொல்லிக்கொண்டே வளைவாக இணைத்துப் போனால், ஐந்து முறை சுற்றிவந்து, 40 புள்ளியையும் ஒரே ஒரு முறை மட்டும் தொட்டு, கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். கை எடுக்க வேண்டியதே இல்லை. எட்டு இதழ்த் தாமரை தானாக மலர்ந்திருக்கும்.

ஏன் ஒரு புள்ளி கூட விடுபடவில்லை? திசைகள் எட்டு, வரிசை ஐந்து. எட்டுக்கும் ஐந்துக்கும் பொதுவாக வகுக்கும் எண் 1ஐத் தவிர வேறில்லை. அதனால் 40 அடி முடிந்த பிறகுதான் முதல் புள்ளி திரும்ப வரும். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வாய்ப்பாடாக வைத்திருந்த கணக்கு இது. 1974இல் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கோலத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

முதலில் சிலேட்டில் சாக்பீஸால் போட்டுப் பாருங்கள். கை பழகியதும் மனையில் மாக்கோலமாக இழையுங்கள். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து, மோதிரவிரல் வழியே வழியவிட்டு இழுத்தால் கோடு ஒரே பருமனில் வரும். ஓரத்துக்குக் காவி. ஹிருதய கமலத்தை யாரும் மிதிக்காத இடத்தில் போடுவதே வழக்கம்; வாசலுக்கு வேறு கோலம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ஷட்கோணம். செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டி நாட்களில் முருகனுக்கு இதைப் போடுவார்கள். மேல்நோக்கி ஒரு முக்கோணம், அதன்மேல் கீழ்நோக்கி ஒன்று. ஆறு முனைகளிலும் ச, ர, வ, ண, ப, வ என்று எழுதி, நடுவில் ஓம். ஒவ்வொரு முனையிலும் ஓர் அகல் விளக்கு ஏற்றினால் அதுவே ஷட்கோண தீபம். பூஜை முடிந்ததும் கோலத்தைக் காலால் தேய்க்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், இந்த இரண்டில் ஒன்றை இடைவிடாமல் போட முடிந்தால் உங்கள் வீட்டில் யந்திரத்துக்கு நேரம் இருக்கிறது என்று பொருள். முடியவில்லை என்றால் வருந்த வேண்டாம். வெள்ளிக்கிழமைக் கோலமும் விளக்குமே நிறைவான வழிபாடுதான். அதற்குமேல் ஒன்று கட்டாயம் என்று எந்த மரபும் இல்லறத்தாரை நெருக்கவில்லை.

## இரண்டாம் படி: எதை வைப்பது

பூஜைக்குப் புதியவர்களுக்கு கணபதி யந்திரம் பொருத்தம். எந்த வழிபாடும் அவரிடம் தொடங்குவதால் குடும்ப வழக்கத்தோடு முரண்படாது. முருகனைக் குலதெய்வமாக அல்லது இஷ்டதெய்வமாகக் கொண்டவர்கள் ஷட்கோண யந்திரம் வைக்கலாம். வைணவக் குடும்பங்களுக்கு சுதர்சன யந்திரம். பெருமாள் கோயில்களில் சக்கரத்தாழ்வார் ஷட்கோணத்துக்குள் நிற்பதையும், பின்பக்கம் முக்கோணத்துக்குள் யோக நரசிம்மர் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்பைத்தான் தகட்டில் சுருக்கித் தருகிறார்கள்.

குபேரக் கோலம் எண்களால் ஆனது. மூன்றுக்கு மூன்று கட்டம். முதல் வரிசையில் 27, 20, 25. இரண்டாவதில் 22, 24, 26. மூன்றாவதில் 23, 28, 21. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 72. வெள்ளிக்கிழமை மனையில் அரிசி மாவால் கட்டம் வரைந்து, மஞ்சள் குங்குமத்தால் எண் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாணயமும் பூவும் வைப்பார்கள். வடக்கு குபேரனின் திசை என்பதால் வடக்குப் பக்கத்தில் போடுவது வழக்கம். வீட்டில் கணக்குப் படிக்கும் குழந்தை இருந்தால் எண்களை அதையே எழுத வையுங்கள்.

ஸ்வஸ்திகத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நிலைவாசலில், கல்லாப்பெட்டியில், புதுக் கணக்கு நோட்டில் மஞ்சளாலோ குங்குமத்தாலோ இட்டால் போதும்.

ஸ்ரீசக்கரம் தனி.

## ஸ்ரீசக்கரம்: கொஞ்சம் நிதானமாக

நான்கு சிவ முக்கோணம் மேல்நோக்கியும், ஐந்து சக்தி முக்கோணம் கீழ்நோக்கியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, அந்த ஒன்பதிலிருந்து 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. சௌந்தர்ய லஹரியின் 11ஆவது சுலோகம் சொல்வது இந்த அமைப்பைத்தான். வெளியிலிருந்து உள்ளே ஒன்பது சுற்று உண்டு. அவற்றை ஆவரணம் என்பார்கள். பூபுரம், 16 இதழ், 8 இதழ், பிறகு 14 முக்கோணம், 10, மறுபடி 10, 8, நடு முக்கோணம் ஒன்று, பிந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வெளிச்சுற்று த்ரைலோக்ய மோகனம். 8 முக்கோணச் சுற்று சர்வரோகஹரம். பிந்து சர்வானந்தமயம்.

திருவாரூர் கமலாம்பாள்மேல் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய நவாவரண கீர்த்தனைகள் இந்த ஒன்பது சுற்றையும் வரிசையாகத்தான் கடந்து போகின்றன. நவராத்திரியில் நாளுக்கு ஒன்றாகக் கேளுங்கள். கேட்கும்போது படத்தில் அன்றைய சுற்றை விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் ஒருமுறை வலம் வாருங்கள். ஒன்பதாம் நாள் அந்தக் கோடுகள் உங்களுக்குப் பழகிய தெருக்களாகிவிடும். பூஜை தொடங்குவதற்கு முன்னால் இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்ரீசக்கரம் பல வகையாக வடிக்கப்படுகிறது. தட்டையாக இருப்பது பூப்ரஸ்தாரம். சுற்றுக்குச் சுற்று உயர்ந்து மலைபோல் எழுவது மேரு. இன்னும் நுணுக்கங்கள் உண்டு, அவை உபாசகர்களுக்கானவை. இல்லறத்தில் தொடங்குபவர்களுக்குத் தட்டைத் தகடே போதும் என்பது என் உறுதியான எண்ணம். மேரு வைத்தால் நித்திய பூஜையும் நிவேதனமும் தவறக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், காலை ஏழரைக்குள் டிபன் கட்டி பஸ் பிடிக்க வேண்டிய வீட்டில், அந்தக் கட்டுப்பாடு நிலைக்காது. நிலைக்காததை ஏற்றுக்கொண்டு பிறகு பயந்துகொண்டே இருப்பது பக்தி ஆகாது.

## மூன்றாம் படி: வாங்கும்போது என்ன பார்ப்பது

பொன், வெள்ளி, செம்பு, பஞ்சலோகம் ஆகியவை மரபு ஏற்ற உலோகங்கள். சாதாரணக் குடும்பத்துக்குச் செம்பு. உள்ளங்கை அளவு இருந்தாலே போதும். தகட்டைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் பொறிக்கப்பட்டிருந்தால் விரல் நுனிக்குத் தட்டுப்படும். மேலே அச்சடித்து வார்னிஷ் பூசியவை வழவழவென்று இருக்கும். அவற்றைச் சுவரில் மாட்டலாம், அபிஷேகம் செய்யக் கூடாது. ஒரே மாதத்தில் வெளிறி உரிந்துவிடும்.

ஸ்ரீசக்கரம் என்றால் கடையிலேயே நின்று மூன்று விஷயம் சரிபாருங்கள். ஒன்று, எண்ணிக்கை. 16 இதழும் 8 இதழும் சரியாக இருக்கிறதா, வெளி முக்கோணச் சுற்றில் 14 இருக்கிறதா என்று எண்ணுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டு, சந்திப்பு. மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடங்களுக்கு மர்மஸ்தானம் என்று பெயர். மலிவான அச்சில் மூன்றாவது கோடு அந்தப் புள்ளியைத் தொடாமல் நழுவி, அங்கே தேவையில்லாத ஒரு குட்டி முக்கோணம் விழுந்திருக்கும். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். மூன்று, நடு முக்கோணத்தின் முனை. அது கீழ்நோக்கி இருக்க வேண்டும். கொக்கியைத் தலைகீழாக அடித்த சட்டங்கள் எத்தனையோ வரவேற்பறைகளில் தொங்குகின்றன. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

“சக்தி ஏற்றப்பட்டது, 21 நாளில் கடன் தீரும்” என்று எழுதி விற்பவற்றை ஒதுக்குங்கள். உங்கள் பெயரும் நட்சத்திரமும் தெரியாத ஒருவர், உங்கள் வீட்டைக் காணாமலே, பெட்டிபெட்டியாகச் செய்த ஒன்றை மரபு பிரதிஷ்டை என்று சொல்வதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களின் பயத்தைக் காசாக்கும் இந்த வியாபாரம் எனக்கு மிகுந்த மனவேதனை தருகிறது. கடன் வாங்கி யந்திரம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

பொருளுக்கு ஏற்றபடிதான் வழிபாடு அமையும் என்பதற்கு மாங்காடு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே காமாட்சியின் ஸ்ரீசக்கரமான அர்த்தமேரு எட்டு வகை மூலிகைகளால் ஆனது. அதனால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனை மட்டுமே. காகிதப் படம், மரச் சட்டம், அச்சுத் தகடு வைத்திருப்பவர்களும் இதையே பின்பற்றலாம்.

## நான்காம் படி: இடமும் திசையும்

வாஸ்து நூல்கள் மனையையே ஒரு யந்திரமாகப் பார்க்கின்றன. மயமதம் போன்ற நூல்கள் மனையை 64 அல்லது 81 கட்டமாகப் பிரித்து, அதில் 45 தேவதைகளை அமர்த்துகின்றன. நடுவில் பிரம்மஸ்தானம். வாஸ்து புருஷனின் தலை வடகிழக்கில், கால் தென்மேற்கில். அதனால்தான் ஈசானிய மூலை பூஜைக்கு உகந்தது, அங்கே பாரம் ஏற்றாதீர்கள் என்று சொல்வது.

தனி வீடு கட்டுபவர்கள் வடகிழக்கில் பூஜையறை வைத்து, தெய்வம் மேற்கு அல்லது கிழக்கு பார்க்க அமைத்துக்கொள்ளலாம். கிழக்கு பார்த்து உட்கார்ந்து கும்பிடுவது பொதுவாக எல்லோரும் ஏற்கும் முறை, வடக்கும் நல்லது. வாடகை வீட்டில், ஃபிளாட்டில், சமையலறை அலமாரியின் ஒரு தட்டே பூஜையறையாக இருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத் தந்திர மரபு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது. பூஜிக்கப்படும் தெய்வத்துக்கும் பூஜிப்பவருக்கும் இடையில் உள்ள திசையே கிழக்கு என்று கொள்ள வேண்டும் என்பது அது. திசைகாட்டி எந்தப் பக்கம் காட்டினாலும், யந்திரத்தின் முன் நீங்கள் உட்கார்ந்துவிட்டால் அந்த வழிபாட்டின் கிழக்கு அங்கே பிறந்துவிடுகிறது. திசை சரியில்லை என்று சுவரை இடிக்கச் சொல்பவர்களுக்கு இந்த ஒரு விதியே பதில்.

திசையைவிட இடத்தின் தூய்மை முக்கியம். குளியலறையோடு ஒட்டிய சுவர், மாடிப்படிக்கு அடி, செருப்பு அலமாரிக்கு மேல், படுத்தால் கால் நீட்டும் பக்கம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். உட்கார்ந்தால் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி இருந்தால் கோடுகளைப் பார்த்துக்கொண்டே அர்ச்சனை செய்யலாம். தட்டைத் தகட்டை நேரே தரையில் வைக்கக் கூடாது. மனைமேல் சிவப்புப் பட்டுத் துணி விரித்து, ஒரு தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் வையுங்கள். நடு முக்கோணத்தின் முனை உங்களைப் பார்க்க வேண்டும்.

சுதர்சன யந்திரமும் மத்ஸ்ய யந்திரமும் நிலைவாசலுக்கு மேல் உட்புறமாக மாட்டப்படுவதுண்டு. மிதியடியிலும் தரை விரிப்பிலும் ஸ்வஸ்திகம், ஓம், சக்கரம் அச்சிட்டு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்க வேண்டாம்.

## ஐந்தாம் படி: வைக்கும் நாள்

அம்பாள் யந்திரங்களுக்கு வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, நவராத்திரி நாட்கள். கணபதிக்குச் சதுர்த்தி. முருகனுக்குச் செவ்வாய், சஷ்டி, கிருத்திகை. வெள்ளிக்கிழமை என்றால் காலை 10.30 முதல் 12 வரை ராகுகாலம், செவ்வாய் என்றால் மாலை 3 முதல் 4.30 வரை, அந்த நேரத்தைத் தவிருங்கள்.

வீட்டைக் கழுவித் துடைத்து, மனையில் கோலமிட்டு, விளக்கேற்றுங்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து முதலில் அவருக்கு அருகம்புல். பொறித்த செப்புத் தகடாக இருந்தால் தண்ணீர், பால், மறுபடி தண்ணீர், கடைசியில் பன்னீர் என்று வரிசையாக அபிஷேகம் செய்து, மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நான்கு மூலையிலும் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். குடும்பத்தார் பெயர், நட்சத்திரம் சொல்லி, இன்று முதல் எங்களால் இயன்ற பூஜையை ஏற்றுக்கொள் தாயே என்று தமிழிலேயே சங்கல்பம் செய்யலாம். சர்க்கரைப் பொங்கலோ, நேரமில்லை என்றால் கற்கண்டும் உலர்திராட்சையுமோ நிவேதனம்.

பிராணப் பிரதிஷ்டை வேறு. அதைக் குருக்களோ தீட்சை பெற்ற உபாசகரோ வந்து செய்ய வேண்டும். ஸ்ரீவித்யா மந்திரங்கள் பாலா, பஞ்சதசி, ஷோடசி என்று படிப்படியாகக் குருவிடம் பெறுபவை. புத்தகத்திலும் வீடியோவிலும் கிடைக்கிறது என்பதற்காக எடுத்து ஜபிக்காதீர்கள். தீட்சை இல்லாதவர்களுக்கு வாசல் அடைத்துவிடவில்லை. லலிதா சகஸ்ரநாமம் இருக்கிறது. திருக்கடையூர் அபிராமி பட்டர் பாடிய அந்தாதி இருக்கிறது. தினம் பத்துப் பாடல் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நாளில் நூறும் முடிந்துவிடும்.

## ஆறாம் படி: அன்றாடம்

காலையில் குளித்துவிட்டு விளக்கு, பூ, ஒரு துளி குங்குமம், நாமம். பத்து நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் குங்கும அர்ச்சனை வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றாலும் குங்குமத்தை எடுத்து, ஒவ்வொரு நாமத்துக்கும் பிந்துவில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அது குவிந்து, நடு முக்கோணத்தை மூடி, 8 முக்கோணச் சுற்றுவரை சரிந்து வரும். அந்தக் குங்குமத்தை வீட்டார் நெற்றிக்கு வைத்துக்கொள்ளலாம், வந்தவர்களுக்குக் கொடுக்கலாம். மஞ்சளும் வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்த நல்ல குங்குமமாக வாங்குங்கள். சாயக் குங்குமம் தகட்டையும் கறையாக்கும், நெற்றியையும் அரிக்கும்.

செம்பு கறுக்கும். அது இயல்பு, அபசகுனம் இல்லை. மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு முதல்நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, நீர்த்த புளிக்கரைசலில் ஒரு நிமிடம் நனைத்து, பழைய மென்மையான பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே துலக்குங்கள். கம்பி நார் பட்டால் பொறிப்பு தேய்ந்துவிடும். புளி துளிகூடத் தங்காமல் கழுவி, உடனே துடைத்து, திருநீறு தொட்டு மெருகேற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் கோட்டுக்குள் பச்சைக் களிம்பு ஏறும். எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் ஒரு நமஸ்காரம்.

## ஊருக்குப் போகும் நாட்களும் தீட்டு நாட்களும்

ஊருக்குப் போகும் முன் பூவை எடுத்துவிட்டு, விளக்கேற்றிச் சொல்லிவிட்டுப் போங்கள். தட்டைத் தகட்டைப் பட்டுத் துணியால் மூடி வைக்கலாம். வாடிய பூவோடு பூட்டிவிட்டுப் போவதுதான் தவறு.

இறப்புத் தீட்டு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு, மாதவிலக்கு நாட்கள் ஆகியவற்றில் உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அதுவே விதி. குடும்பத்துக்குக் குடும்பம், ஊருக்கு ஊர் மாறும். அந்த நாட்களில் வீட்டில் வேறொருவர் விளக்கேற்றலாம். ஆள் இல்லை என்றால் நாமத்தை மனதுக்குள் சொன்னால் போதும். இதற்காக யாரையும் புண்படுத்த வேண்டாம்.

வேலைப்பளுவில் நாலு நாள் பூஜை விட்டுப்போனால் பரிகாரம் தேடி அலையாதீர்கள். ஐந்தாம் நாள் துடைத்து, சந்தனம் இட்டு, விளக்கேற்றித் தொடருங்கள்.

## பழைய தகடும் கிழிந்த படமும்

தாத்தா காலத்துத் தகடு கோடு தேய்ந்து கிடக்கிறது, சட்டத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது, புதிதாக ஒன்று வந்துவிட்டது. பழையதை என்ன செய்வது? ஆற்றில் அல்லது கடலில் விடுவது பழைய வழக்கம். வார்னிஷும் பிளாஸ்டிக் சட்டமும் கலந்த இன்றைய பொருட்களை ஆற்றில் போடுவது அந்த வழக்கத்துக்குப் பொருந்தாது. ஆறும் நமக்குத் தாய்தான். அரசமரத்தடியிலும் கோயில் சுவரோரத்திலும் சாய்த்துவிட்டு வருவதையும் நிறுத்த வேண்டும். அங்கே நாய் படுக்கும், மழையில் ஊறும், யாரோ குப்பையில் அள்ளுவார்கள்.

சுத்தமான செம்பு, வெள்ளி, பஞ்சலோகமாக இருந்தால் பாத்திர ஆசாரியிடமோ சிற்பியிடமோ கொடுத்து உருக்கி, புது விளக்காகவோ பஞ்சபாத்திரமாகவோ செய்துகொள்ளலாம். காகிதப் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, துளசி மாடத்து மண்ணிலோ தென்னை அடியிலோ புதைத்துவிடுங்கள். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தனியாக மறுசுழற்சிக்குப் போகட்டும். பிரதிஷ்டை செய்யப்பட்ட தகடு என்றால் மட்டும் முதலில் குருக்களைக் கூப்பிட்டு, அதிலிருக்கும் சாந்நித்தியத்தைக் கலசத்துக்கு மாற்றிய பிறகு மற்றதைச் செய்ய வேண்டும். பரிசாக வந்து பீரோவில் கிடப்பது நல்ல நிலையில் இருந்து, உங்களுக்கு நேரமில்லை என்றால், தினமும் பூஜை செய்யும் உறவினர் யாருக்காவது வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம்.